எந்தத் தரவுத்தளம் என்பது மூன்றாவது கேள்வி

"இருப்பதையெல்லாம் ஒரே இடத்தில் ஏற்ற வேண்டும் அண்ணே. மைஎஸ்கியூஎல் நல்லதா, போஸ்ட்கிரெஸ் நல்லதா? எங்கே வைக்கலாம்?"

இந்த ஆண்டில் இதே கேள்வியை என்னிடம் இருவர் கேட்டுவிட்டார்கள். ஒருவர் கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் துணிக்கடை நடத்தும் குடும்பத்தின் மகன். பதினெட்டு ஆண்டு பில் கணக்கு மூன்று பழைய கணினிகளில், நாலைந்து விதமான கோப்புகளாகக் கிடக்கிறது. இ-இன்வாய்ஸ் முறை 2024 ஆகஸ்டில் பெரிய நிறுவனங்களோடு தொடங்கிப் படிப்படியாகச் சிறிய வியாபாரங்களுக்கும் வந்துவிட்டதால், இனியும் சிதறிய கணக்கை வைத்துக்கொண்டு காலம் தள்ள முடியாது. மற்றவர் பிரிக்பீல்ட்ஸில் வேலை பார்க்கும் இளம் பொறியாளர். அவர் படித்த தமிழ்ப்பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கம், "நீதானம்மா கம்ப்யூட்டர் படித்த பிள்ளை" என்று சொல்லி, நாற்பது ஆண்டு உறுப்பினர் பட்டியலை அவர் தலையில் வைத்துவிட்டது.

உங்களில் பலருக்கும் இந்தப் பொறுப்பு வந்திருக்கும், அல்லது வரும். கோயில் நிர்வாகம், மரண சகாய நிதி, கூட்டுறவுக் கழகம், டியூஷன் நிலையம் என்று எல்லா இடத்திலும் பழைய பேரேடுகள் கணினிக்குள் போகக் காத்திருக்கின்றன. அதனால் அவர்கள் இருவருக்கும் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எந்தத் தரவுத்தளம் என்பது மூன்றாவது கேள்வி. முதல் கேள்வி: ஏற்றியபோது ஒரு வரிகூடத் தொலையவில்லை, மாறவில்லை என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? இரண்டாவது கேள்வி: நாளைக்கு எல்லாம் போய்விட்டால் யார், எங்கிருந்து மீட்பார்? இவை இரண்டுக்கும் பதில் கிடைத்துவிட்டால் மூன்றாவது பெரிய தலைவலியாக இருக்காது.

ஒரு வரி தொலைந்தால்

2020ஆம் ஆண்டு, கோவிட் காலம். இங்கிலாந்தில் ஆய்வுக்கூடங்களிலிருந்து வந்த சோதனை முடிவுகளைப் பொதுச் சுகாதாரத் துறையினர் எக்ஸெல் கோப்பு வழியாக நடுவண் பட்டியலுக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கோப்பு பழைய வகையைச் சேர்ந்தது. அதில் 65,536 வரிகளுக்கு மேல் இடமில்லை. மிஞ்சிய வரிகள் சத்தமில்லாமல் விழுந்துபோயின. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை இப்படி விடுபட்டவை 15,841 தொற்றுகள். நோய் கண்டவர்களுக்குத் தங்கள் முடிவு தெரிந்துவிட்டது. ஆனால் அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்க வேண்டிய குழுவுக்கு அந்தப் பெயர்கள் உரிய நேரத்தில் போகவில்லை.

இங்கே கோளாறு வைரஸும் இல்லை, ஹேக்கரும் இல்லை. ஏற்றுவதற்கு முன்னும் பின்னும் வரிகளை எண்ணிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். இன்றைய எக்ஸெல் 1,048,576 வரிகள் தாங்கும். ஆனால் கிள்ளான் கடைக்கு ஒரு நாளைக்கு 200 பில் என்று வைத்துக்கொண்டால், 18 ஆண்டில் ஏறக்குறைய 1.3 மில்லியன் பில். பில்லுக்கு நான்கு உருப்படி என்றால் 5 மில்லியன் வரியைத் தாண்டும். எக்ஸெல் இதற்கான பாத்திரம் இல்லை.

நம் சமூகத்துக்கு இந்த வலி புதிதல்ல. தோட்டத்தில் கிராணி செக்ரோலில் எழுதியதே பெயராகி, பிறப்புப் பத்திரத்தில் ஓர் எழுத்து மாறிப்போய், அப்பாவின் பெயரும் மகனின் அடையாள அட்டையும் ஒத்துப்போகாமல் பதிவு இலாகாவுக்கு நடையாய் நடந்த குடும்பங்களை நமக்குத் தெரியும். பதிவேட்டில் விழுந்த பிழையைப் பிறகு யாரும் பிழையாகப் பார்ப்பதில்லை. அதுதான் உண்மை என்று எடுத்துக்கொள்கிறார்கள். கணினிக்கு மாற்றும்போது நாம் அந்தக் கிராணியின் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம்.

துறைமுகத்தில் நடப்பதுபோல

போர்ட் கிள்ளானில் கப்பலிலிருந்து சரக்கு இறங்குவதைக் கவனித்தால் இந்த வேலையின் முறை புரிந்துவிடும். கப்பலில் வந்த பெட்டி நேராகக் கடை அலமாரிக்குப் போவதில்லை. முதலில் முற்றத்தில் இறக்குகிறார்கள். எண்ணுகிறார்கள், திறந்து சோதிக்கிறார்கள், அதன் பிறகே உரியவரிடம் அனுப்புகிறார்கள்.

தரவுக்கும் இப்படி ஒரு முற்றம் வேண்டும். பழைய கோப்பில் உள்ளதை உள்ளபடியே, எல்லாவற்றையும் வெறும் எழுத்தாக, ஒரு தற்காலிக அட்டவணையில் இறக்குங்கள். தேதியைத் தேதியாக, தொகையைத் தொகையாக மாற்றுவதெல்லாம் அங்கே சோதித்த பிறகுதான். சரியில்லாத வரிகளை வீசிவிடாமல் தனி அட்டவணையில் ஒதுக்கி வையுங்கள். ஒருவர் உட்கார்ந்து பார்க்கட்டும்.

அடுத்தது வேகம். ஒவ்வொரு வரியாக ஏற்றினால், ஒவ்வொன்றையும் வட்டில் எழுதி முடித்துவிட்டேன் என்று தரவுத்தளம் உறுதி சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தலையில் சுமப்பது மாதிரி. மொத்தமாக ஏற்றுவதற்கென்றே போஸ்ட்கிரெஸ்ஸில் காப்பி என்ற கட்டளையும், மைஎஸ்கியூஎல்லில் லோட் டேட்டா என்ற கட்டளையும் உண்டு. அவை கன்டெய்னர் மாதிரி. தேடலை விரைவாக்கும் இன்டெக்ஸ்களை ஏற்றி முடித்த பிறகு கட்டினால் இன்னும் நேரம் மிச்சம். மணிக்கணக்கில் ஓடிய வேலை நிமிடங்களில் முடிவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இப்போது நம் ஊருக்கே உரிய சில கண்ணிகள். மைகாட் எண் 12 இலக்கம். 2000க்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் பலருக்கு அது சுழியத்தில் தொடங்குகிறது. கோடு இல்லாமல் எழுதிய எண்ணை எக்ஸெல்லில் திறந்தால், அதை வெறும் எண் என்று நினைத்து முன்னால் உள்ள சுழியத்தைத் தின்றுவிடும். சுழியம் இல்லாத 12 இலக்க எண்ணையோ நடுவில் புள்ளியும் ஈ என்ற எழுத்தும் போட்டுச் சுருக்கிக் காட்டும். அப்படியே சிஎஸ்வி கோப்பாகச் சேமித்தால் சுருங்கியதுதான் பதிவாகும். மற்ற இலக்கங்கள் திரும்பி வராது. கைப்பேசி எண்ணும் சுழியத்தில்தான் தொடங்குகிறது. ஆகவே அடையாள அட்டை எண், கைப்பேசி எண், அஞ்சல் குறியீடு மூன்றையும் எழுத்தாகவே வையுங்கள். அவற்றைக் கூட்டிக் கழிக்கப் போவதில்லையே!

03/04/1998 என்பது ஏப்ரல் 3ஆ, மார்ச் 4ஆ? நமக்கு ஏப்ரல். அமெரிக்க அமைப்பில் உள்ள கணினிக்கு மார்ச். பெயருக்கு முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டம் வைக்காதீர்கள். நம் பெயரில் குடும்பப்பெயர் ஏது? அனாக் லெலாக்கி, அனாக் பெரெம்புவான் சேர்த்து அட்டையில் உள்ளபடி ஒரே கட்டத்தில் முழுப்பெயர் இருக்கட்டும். சுப்பிரமணியம் என்ற பெயரையே ஆங்கில எழுத்தில் ஏழெட்டு விதமாக எழுதுகிறோம். பெயரை மட்டும் வைத்து இரண்டு வரிகள் ஒரே ஆள்தான் என்று முடிவு செய்தால், இரண்டு சுப்பிரமணியங்களில் ஒருவர் காணாமல் போவார்.

தமிழ் எழுத்துக்குத் தனிக் கவனம்

சங்கத்தின் பட்டியலில் தொண்ணூறுகளில் தட்டச்சு செய்த பக்கங்கள் உண்டு. அந்தக் காலத்துத் தமிழ்க் கோப்புகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு எழுத்துருவின் குறியீட்டில் இருக்கும். நம் நாட்டு முத்து நெடுமாறன் 1985லேயே முரசு அஞ்சலை உருவாக்கியதும், அன்றைய தமிழ் இணைய மாநாடுகளில் குறியீடு பற்றி விடிய விடியப் பேசியதும் பலருக்கு நினைவிருக்கும். 2001இல் கோலாலம்பூரிலும் அந்த மாநாடு நடந்தது. பழைய குறியீட்டில் உள்ள கோப்பை இன்று திறந்தால் கொக்கியும் புள்ளியுமாகத் தெரியும். அது கெட்டுப்போன கோப்பு என்று அழித்துவிடாதீர்கள். எந்தக் குறியீடு என்று கண்டுபிடித்து யூனிகோடுக்கு மாற்ற முடியும். மாற்றிய பிறகே ஏற்ற வேண்டும்.

தரவுத்தளமும் யூனிகோடை ஏற்கும்படி அமைந்திருக்க வேண்டும். பழைய லத்தீன் அமைப்பில் உள்ள அட்டவணையில் தமிழை ஏற்றினால், அமைப்பைப் பொறுத்து, பெயருக்குப் பதில் வரிசையாகக் கேள்விக்குறிகள் பதிவாகலாம். அதிலிருந்து பெயரை மீட்க வழியே இல்லை. மைஎஸ்கியூஎல்லில் யூடிஎஃப்8 என்று மட்டும் போட்டால் பல பதிப்புகளில் அது எழுத்துக்கு மூன்று பைட் வரைதான் தாங்கும். தமிழ் எழுத்துக்கு அது போதும், ஆனால் வாட்ஸ்அப் தலைமுறையின் இமோஜிக்குப் போதாது. எம்பி4 என்று முடியும் வகையைத் தேர்ந்தெடுங்கள்.

இன்னொன்று கண்ணுக்கே தெரியாது. 'கொ' என்ற எழுத்தைக் கணினியில் இரண்டு விதமாக எழுத முடியும்: ஒரே துணைக்குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்று. தேடும்போது வேறு வேறு. கொடிமலரைத் தேடினால் கொடிமலர் இல்லை என்று வரும். ஏற்றும்போதே எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். அகரவரிசையும் அப்படித்தான். யூனிகோடு எண்வரிசையில் 'ந'வுக்கு அடுத்தே 'ன' நிற்கிறது, 'ர'வுக்கு அடுத்தே 'ற' நிற்கிறது. அந்த எண்படி அடுக்கினால் அகராதி வரிசை வராது. தமிழுக்குரிய வரிசை விதியை அமைப்பில் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எங்கே வைப்பது

கடைக்குப் பின்னால் உள்ள கணினியிலேயே வைக்கலாமே என்பார்கள். 2021 டிசம்பர் 18ஐ நினைத்துப் பாருங்கள். ஷா ஆலம் ஸ்ரீ மூடாவும் கிள்ளானின் பல பகுதிகளும் நீரில் நின்றன. அன்று கணினியும், பக்கத்து மேசை இழுப்பறையில் இருந்த பேக்கப் வட்டும் சேர்ந்தே நனைந்த கடைகள் உண்டு.

அப்படியானால் பெரிய தரவு மையத்தில் வைத்தால் கவலையில்லையா? 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் தேஜோன் நகரில் அரசாங்கத் தரவு மையத்தில் மின்கலத்தில் தீப்பிடித்தது. 709 அரசு அமைப்புகள் நின்றுபோயின. அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்து வைத்த 858 டெராபைட் சேமிப்பகத்துக்கு வெளியில் நகல் இல்லாததால் அது அப்படியே அழிந்தது. தொழில்நுட்பத்தில் முன்னணி நாடு! ஆகவே எங்கே வைத்தாலும், மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்றாவது வேறு ஊரில் என்ற பழைய விதியை விடக் கூடாது.

நகல் எடுத்தால் மட்டும் போதாது. கிட்லேப் என்ற நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று ஒரு பொறியாளர் தவறான வழங்கியில் தரவை அழித்துவிட்டார். ஐந்து விதமான பேக்கப் வழிகள் இருந்தன; தேவைப்பட்ட நேரத்தில் ஒன்றும் ஒழுங்காகக் கைகொடுக்கவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்து வைத்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. நடந்ததை அந்த நிறுவனம் மறைக்காமல் உலகுக்குச் சொன்னது. மாதம் ஒரு முறையாவது நகலை வேறொரு கணினியில் ஏற்றித் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்று கணக்கில் சேர்ப்பதில்லை.

இப்போது செலவு. இணையத்தளத்துக்காக வாங்கிய மலிவு ஹோஸ்டிங்கிலேயே ஏற்றிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது பொதுச் சமையலறை உள்ள வாடகை அறை மாதிரி. கோப்பின் அளவுக்கும் வேலை ஓடும் நேரத்துக்கும் கட்டுப்பாடு உண்டு. பெரிய கோப்பு பாதியில் நிற்கும். எது ஏறியது, எது ஏறவில்லை என்று தெரியாமல் குழம்பிப்போவோம். மாதம் சில பத்து ரிங்கிட்டில் கிடைக்கும் தனி மெய்நிகர் வழங்கி 5 மில்லியன் வரிக்குத் தாராளம். ஆனால் அதைப் புதுப்பிப்பது, பூட்டுவது, நகல் எடுப்பது எல்லாம் உங்கள் வேலை. அந்த வேலையை நிறுவனமே பார்த்துக்கொள்ளும் நிர்வகிக்கப்பட்ட சேவைக்குப் பல மடங்கு ஆகும். ஆள் இல்லாத சங்கத்துக்கு அந்தக் கூடுதல் பணம் வீண் இல்லை.

அமேசான் 2024 ஆகஸ்டில் மலேசியாவிலேயே தன் மேகக்கணிமை வட்டாரத்தைத் திறந்தது. மைக்ரோசாஃப்ட்டும் 2025இல் கோலாலம்பூர் வட்டாரத்தில் திறந்தது. தரவு நாட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பவர்களுக்கு இது நல்ல செய்தி. இரண்டு விஷயங்களை மட்டும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். பில் டாலரிலா, ரிங்கிட்டிலா? வெளியே எடுத்துச் செல்ல எவ்வளவு? பெரிய சேவைகளில் உள்ளே ஏற்றப் பெரும்பாலும் காசில்லை. இறக்கும்போது கட்டணம் உண்டு.

ஏறிவிட்டது என்றால் முடிந்துவிட்டதா? பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் தன் வாடிக்கையாளர் கணக்குகளைப் புதிய அமைப்புக்கு மாற்றியது. அப்போது அதற்கு 5.2 மில்லியன் வாடிக்கையாளர்கள். தரவு சரியாகவே போய்ச் சேர்ந்தது. புதிய அமைப்புதான் தடுமாறியது. மக்கள் தங்கள் கணக்கையே திறக்க முடியாமல் தவித்தார்கள். 2022 டிசம்பரில் வங்கிக்கு விதித்த அபராதம் 48.65 மில்லியன் பவுண்டு. புதியதில் நிஜமான கூட்டத்தைப் போல ஒத்திகை பார்க்க வேண்டும். சில வாரங்களாவது பழையதையும் கையோடு வைத்திருக்க வேண்டும்.

சாவி யாரிடம்

நம் நாட்டின் முதன்மைத் தரவுத்தளமான பாடு 2024 ஜனவரி 2இல் தொடங்கி, மார்ச் 31 வரை மக்களிடம் பதிவு பெற்றது. தொடங்கிய சில நாள்களிலேயே, அடையாள அட்டை எண்ணும் அஞ்சல் குறியீடும் தெரிந்தால் இன்னொருவர் பெயரில் பதிந்துவிடலாம் என்று ஒரு முன்னாள் துணையமைச்சர் சுட்டிக்காட்டினார். பிறகு அது திருத்தப்பட்டது. அரசாங்கத்துக்கே இப்படி என்றால் நம் சங்கத்தின் பட்டியல் எம்மாத்திரம்? அது இப்போது எத்தனை பேரின் வாட்ஸ்அப்பில் எக்ஸெல் கோப்பாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 கடந்த ஆண்டுகளில் கடுமையாகியிருக்கிறது. உச்ச அபராதம் 3 லட்சம் ரிங்கிட்டிலிருந்து 10 லட்சம் ரிங்கிட்டுக்கு உயர்ந்துள்ளது. 2025 ஜூன் 1 முதல், தரவு கசிந்தால் ஆணையருக்கு 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். கடைக்கு இது பொருந்தும். சங்கத்துக்குப் பொருந்துமா என்று வாதாடுவதைவிட, பொருந்தும் என்று நினைத்து நடந்துகொள்வதே மேல். ஏமாற்றுக்காரன் கையில் மைகாட் எண்ணும் கைப்பேசி எண்ணும் சேர்ந்து கிடைத்தால் என்ன ஆகும் என்று நம் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

முன்னாள் மாணவர் விருந்துக்கு அழைக்க அடையாள அட்டை எண் எதற்கு? தேவையில்லாததை ஏற்றவே ஏற்றாதீர்கள். இல்லாத தரவு கசியாது. சோதனை செய்யும்போது நிஜ எண்களைப் பயன்படுத்தாதீர்கள். தரவுத்தளத்தின் கதவை இணையத்துக்கு நேராகத் திறந்து வைக்காதீர்கள். கடவுச்சொல் ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்தால், அவர் வேலை மாறிச் சிங்கப்பூர் போகும் நாளில் சங்கம் பூட்டிய வீட்டின் முன் நிற்கும். இரண்டு பொறுப்பாளர்களிடம் இருக்கட்டும்.

இனி மூன்றாவது கேள்வி

ஒரே கணினியில் ஓரிருவர் மட்டும் பயன்படுத்தினால் எஸ்கியூலைட் போதும். முழுத் தரவும் ஒரே கோப்பில் அடங்கிவிடும். பலர் ஒரே நேரத்தில் பில் போடும் கடைக்கு போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல், மரியாடிபி மூன்றில் எதுவும் தாங்கும். மூன்றையும் காசில்லாமல் பயன்படுத்தலாம். தரவு விதிகளில் கண்டிப்பு வேண்டும் என்றால் நான் போஸ்ட்கிரெஸ் பக்கம் சாய்வேன். ஏற்கெனவே உள்ள கடை மென்பொருள் மைஎஸ்கியூஎல்லோடு பேசுகிறது என்றால் அதையே வைத்துக்கொள்ளச் சொல்வேன். பில்லும் உறுப்பினர் பட்டியலும் அட்டவணைக்குள் ஒழுங்காக அடங்குபவை. அதனால் மோங்கோடிபி போன்றவற்றுக்கு இங்கே அவசியமில்லை.

இதற்கு மேலும் தயக்கம் இருந்தால், உங்களுக்குப் பிறகு அதைப் பார்த்துக்கொள்ள கிள்ளான் பள்ளத்தாக்கில் எதற்குச் சுலபமாக ஆள் கிடைக்கும் என்று பாருங்கள். அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏற்றும் நாளில் செய்ய வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன். ஏற்றும் முன் வரிகளை எண்ணுங்கள். ஏற்றிய பின் எண்ணுங்கள். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். தொகைகளை ஆண்டுவாரியாகக் கூட்டிப் பழைய பேரேட்டோடு ஒப்பிடுங்கள். பிறகு, இருபது ஆண்டாகக் கணக்கு எழுதிய அந்தப் பழைய செயலாளரை, கடையின் கணக்குப்பிள்ளையை அழைத்துத் திரைமுன் உட்கார வையுங்கள். அவருக்கு எஸ்கியூஎல் தெரியாது. ஆனால் அங்கும் இங்குமாக ஐம்பது பெயர்களை எடுத்துக் காட்டினால், "இவர் அவருடைய தம்பி ஆயிற்றே, இந்த நம்பர் தப்பு" என்று அவர் சொல்லிவிடுவார். எந்தக் கருவியும் அதைச் சொல்லாது. அவர் தலையசைத்த பிறகு பழைய கணினியை அணையுங்கள்.